புது விண்டோவுக்கு எந்த இடம்

யோகேஸ் ஒரு பக்கம்தான் கேட்டான். "அக்கா, புது சிஸ்டம் வருது. ஆபரேட்டர் ஸ்கிரீன்ல புது விண்டோ எங்க வந்து நிக்கணும்னு செய்றவங்க கேக்குறாங்க. நீங்கதான் இதுல கிங். ஒரு பேஜ் எழுதிக் கொடுங்க லா" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். கிங்காம்! அறுபத்திரண்டு வயதுப் பொம்பளையை 'குவீன்' என்று சொல்லவாவது தெரிய வேண்டாமா? நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இவன்தான் இப்போது சூப்பர்வைசர்.

அந்த ஒரு பக்கத்தை எழுத உட்கார்ந்து ஒன்பது நாள் ஆகிறது. உட்கார்ந்து என்று சொல்வதே பொய். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டில் மேசைக்கும் பால்கனிக்கும் நடந்த நடையில் கிள்ளானுக்கே போய் வந்திருக்கலாம். கீழே இறங்கி வடை வாங்கினேன், தின்னவில்லை. தேய்த்து வைத்த சட்டைகளையே மறுபடி தேய்த்தேன். "உனக்கு என்ன ஆச்சு? ஒரு இடத்துல உட்காரேன்" என்று என் வீட்டுக்காரர் இரண்டு தடவை அதட்டினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு நான் எதையும் சொன்னதில்லை. இப்போது இதில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நான் இருபத்தாறு வருடம் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தேன். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான், பந்திங் வரைக்கும் எங்கள் வண்டிகள் ஓடின. டைப்பிங் படித்தது, ரேடியோவில் பேசப் பழகியது, முதல் மாதம் கழிப்பறையில் போய் அழுதது, அதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். கதைக்கு வேண்டியது திரைதான்.

ஒவ்வொரு அழைப்புக்கும் திரையில் ஒரு விண்டோ திறக்கும். டெலிபோன் எடுக்கும் பெண், அழைத்தவரின் பெயரையும் என்ன கோளாறு என்பதையும் போட்டு எங்கள் மேசைக்குத் தள்ளுவாள். நாங்கள் அழைத்தவரிடம் பேசி முகவரியையும் வண்டி எண்ணையும் அடித்து 'என்டர்' தட்ட வேண்டும். தட்டியதும் விண்டோ பச்சையாகிவிடும். பச்சை என்றால் வண்டி புறப்பட்டது என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் விண்டோக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன, சந்தையில் அடுக்கிய மீன் தட்டுகள் மாதிரி. ஒருநாள் செராஸ் பகுதியிலிருந்து வந்த அழைப்பு ஒன்று இன்னொன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நல்லவேளை, அழைத்த அம்மா கோபப்பட்டு மறுபடி போன் அடித்தார். அன்றைக்கே ரத்னசிங்கம் சார் முடிவெடுத்தார், இனிமேல் எதுவும் எதையும் மறைக்கக் கூடாது என்று.

ரத்னசிங்கம் சார் எங்கள் மேலதிகாரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம். கால்சட்டை மடிப்பில் தக்காளி நறுக்கலாம். கத்தமாட்டார். தப்புச் செய்தவர் மேசை அருகே வந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். துடைத்து முடிப்பதற்குள் தப்பை நாமே திருத்திவிடுவோம்.

அவர் ஒரு டெக்னீசியனை வைத்து டைலிங் முறையைக் கொண்டுவந்தார். தரையில் டைல் பதிப்பதுபோல் திரையை விண்டோக்களே பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று வந்தால் ஒன்று சுருங்கும், மூடாது. இடது பாதி பெரிய இடம். அதை நாங்கள் தலை என்போம். வலது பாதியில் மற்றவை வரிசையாக மேலிருந்து கீழே நிற்கும்; கடைசி இடம் வால்.

அப்போதுதான் கேள்வி வந்தது. புதிதாக வருவது எங்கே நிற்பது? டெக்னீசியன் மூன்று வழி சொன்னான். தலைக்கு வந்து பழையதை வலப்பக்கம் தள்ளலாம். வாலில் போய் நிற்கலாம். இல்லை, நாம் வேலை செய்துகொண்டிருக்கும் விண்டோவை இரண்டாகப் பிளந்து பாதியை எடுத்துக்கொள்ளலாம்.

"பிள்ளை எழுதிக்கொண்டிருக்கேக்க மேசையைப் பாதியா வெட்டுறதோ?" என்று மூன்றாவதைச் சார் உடனே தள்ளிவிட்டார். முதலாவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. "வந்த உடனே நடுவீட்டுல உட்காருற சம்பந்தி மாதிரி இருக்கு" என்று பக்கத்து மேசைப் புஷ்பா சொன்னாள். சாரே சிரித்துவிட்டார். வால் என்று முடிவானது. புதுசு வாலில் நிற்கும். கீபோர்ட் நம்முடைய பழைய விண்டோவிலேயே இருக்கும்.

புஷ்பா என்னைவிடப் பத்து வயது சின்னவள். பந்திங்கிலிருந்து பஸ் பிடித்து வருவாள். ஒருநாள்கூடப் பிந்தியதில்லை. அவளிடம் ஒரு வித்தை இருந்தது. அழைப்பவர் முகவரி சொல்லச் சொல்ல, கண் சுவரில் இருக்கும் மேப்பில் கிட்டத்து வண்டியைத் தேடும். கை தன்பாட்டுக்குக் கீபோர்டில் ஓடும். திரையைப் பார்க்கவே மாட்டாள். அடித்து முடிக்கும்போது வண்டி எண்ணும் அவளிடம் தயாராக இருக்கும். நான் வேகக்காரி என்று பெயர் வாங்கினவள். ஆனால் புஷ்பாவைப் பார்த்து உள்ளுக்குள் எரிந்திருக்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

இனி சாரின் நீலப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டி அட்டை, நீல நிறம், கவுண்டரில் நூல் கட்டித் தொங்கும். அறையில் எது மாறினாலும், மணியின் சத்தத்தைக் குறைப்பதாக இருந்தாலும், முதலில் அதில் எழுத வேண்டும். என்ன மாற்றம், என்ன காரணம், மாற்றுபவர் யார், யாருக்கெல்லாம் சொல்லப்பட்டது என்று நான்கு கட்டம். எழுதியதைத் தொடர்ந்து மூன்று ஷிப்டுகளின் தொடக்கத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். எல்லாரும் நின்றுகொண்டு கேட்டு, ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி "கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மாற்றலாம். பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

வால் முறையில் ஒரு குறை இருந்தது. அழைப்புகள் குவிந்தால் வாலில் நிற்பது ஒரு பட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரு மழை நாளில் அப்படி ஒரு பட்டையை நான் பிந்திப் பார்த்தேன். அதற்குள் அழைத்த கிழவர் டாக்சி பிடித்துப் போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை. "சார், புதுசு தலைக்கு வரட்டும். கீபோர்டும் அதோட வந்துடும். ஒரு தடவ கை நீட்டுற வேலை மிச்சம்" என்றேன்.

"புத்தகத்தில எழுதுங்கோ பிள்ளை. மூண்டு ஷிப்ட் வாசிப்பம். பிறகு பாப்பம்."

"மூணு ஷிப்ட் வாசிக்கிறதுக்குள்ள எத்தனை கால் வரும் சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் கையை மூடிக்கொள்ளவில்லை. விண்டோ எங்கே வர வேண்டும் என்பது ஒரு ஃபைலில் ஒரே ஒரு வரி. அந்த ஃபைல் என் மேசைக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஞாயிறு காலை எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அணைத்து மறுபடி போடும்போது அங்கிருந்துதான் மற்ற மேசைகளுக்குப் போகும். ஒரு வெள்ளிக்கிழமை, மதிய நேரம், அழைப்பு ஒன்றும் இல்லை. அந்த வரியை மாற்றினேன். என் மேசையில் முயன்று பார்த்தேன். புதுசு வந்து தலையில் ஜம்மென்று உட்கார்ந்தது. கீபோர்டும் அதன் கையில். அப்பாடா என்று இருந்தது. நாளைக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளையும் மறுநாளும் எனக்கு லீவு என்பதும், கிள்ளானில் அண்ணன் மகள் கல்யாணம் என்பதும், ஞாயிறு காலை என்று ஒன்று இருப்பதும், எல்லாம் தெரியும். தெரிந்தும் மறந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை ஆம்பளைக்கு மட்டும் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் புஷ்பா மேசையில் இருந்தாள். அதுவரை ஒரு நேரத்தில் ஒரு அழைப்புதான் வந்திருந்தது, மாற்றம் யார் கண்ணிலும் படவில்லை. சாலாக் செலாத்தானிலிருந்து ஒரு அழைப்பு. பெரியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி, மகன் முகவரி சொல்கிறார். புஷ்பாவின் கண் மேப்பில், கை கீபோர்டில். அந்த நேரம் பார்த்துக் கிள்ளானிலிருந்து இன்னொரு அழைப்பு; ஆறு வயதுப் பிள்ளைக்கு மூச்சுத் திணறல். அந்த விண்டோ திறந்தது. வாலுக்குப் போகவில்லை. தலைக்கு வந்தது, கீபோர்டையும் பிடுங்கிக்கொண்டது. புஷ்பா அடித்த சாலாக் செலாத்தான் முகவரி முழுக்கக் கிள்ளான் பிள்ளையின் விண்டோவில் போய் விழுந்தது. என்டர். பச்சை.

திரும்பிப் பார்த்தாள். பெரியவரின் விண்டோ காலியாக நின்றது; பக்கத்தில் இருந்த பச்சையை முடிந்த அழைப்பு என்று விட்டுவிட்டாள். என்டர் சரியாகத் தட்டவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அடித்து இன்னொரு வண்டியை அனுப்பினாள். அதுவும் பச்சை. கிள்ளான் அம்மா மறுபடி கூப்பிட்டபோது டெலிபோன் பெண் பச்சையைப் பார்த்துவிட்டு, "வண்டி கெளம்பிருச்சும்மா, பயப்படாதீங்க" என்றாள். அந்த அம்மாவும் நம்பி வாசலில் பிள்ளையோடு காத்திருந்தார்.

டிரைவர் ரேடியோவில் வந்த பிறகுதான் தெரிந்தது. "அக்கா, இங்க ஏற்கெனவே நம்ம வண்டி ஒண்ணு நிக்குது லா. எனக்கு எதுக்கு இதே வீடு?"

கிள்ளானில் அதற்குள் அப்பாக்காரர் பக்கத்து வீட்டுக் காடியின் பின்சீட்டில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு பறந்திருந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் நான்கு நாள் ஐசியுவில் கிடந்தது. எல்லாக் கடவுளுக்கும் அப்போதே நேர்ந்துகொண்டேன். இன்றைக்கும் நேர்த்தி தீரவில்லை.

எனக்கு ஞாயிறு சாயங்காலமே போன் வந்தது. கல்யாண மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. கேட்ட மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இலையில் போட்ட பாயசத்தை அப்படியே விட்டு எழுந்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் செய்த காரியம். அதுவரைக்கும் நடந்தது அவசரம். தப்புத்தான், ஆனால் மனுசத் தப்பு. திங்கட்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் போனேன். அந்த வரியைப் பழையபடி மாற்றினேன். எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அணைத்து மறுபடி போட்டேன். புது விண்டோ நல்ல பிள்ளையாக வாலில் போய் நின்றது. பிறகு கோப்பி கலக்கி ஆற அமரக் குடித்தேன். அந்த நிதானத்தைத்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை.

பத்து மணிக்கு விசாரணை. சார் எல்லா மேசையிலும் சோதித்துப் பார்த்தார். எல்லாம் வழக்கப்படி. நீலப் புத்தகத்தைத் திறந்தார். விரலை வைத்துக் கடைசிப் பக்கத்தை மேலிருந்து கீழே தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புத்தகத்தில ஒண்டும் இல்லை. அப்ப ஒண்டும் மாறேல்லை. அப்படித்தானே பிள்ளை?"

"ஆமா சார்."

இரண்டு சொல். இருபத்தாறு வருடத்தில் நான் அடித்த லட்சக்கணக்கான எழுத்தில் எதுவும் இவ்வளவு கனமில்லை. எங்களைக் காப்பாற்றத்தான் சார் அந்தப் புத்தகத்தை வைத்தார். அதை வைத்தே புஷ்பாவை மாட்டிவிட்டேன். 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதினார்கள். அந்த மாதமே அவள் போய்விட்டாள். போகும்போது என்னிடம், "வரேன் அக்கா" என்று மட்டும் சொன்னாள். கெட்டிக்காரியான போட்டிக்காரி ஒருத்தி குறைந்தாள் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குத் தோன்றியது. இதையும் எழுதித்தான் தொலைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் கழித்து, சாரிடம் முறைப்படி புத்தகத்தில் எழுதி, மூன்று ஷிப்ட் வாசித்து, ஒரு புது முறை கொண்டுவந்தேன். அதைத்தான் யோகேஸ் இப்போது கேட்கிறான். இடம் வேறு, கை வேறு. புதுசுக்கு நல்ல இடம் கொடுங்கள், வலப்பக்கத்தின் உச்சியில்; எத்தனை வந்தாலும் அந்த இடம் சுருங்கக் கூடாது. ஆனால் கீபோர்டைக் கொடுக்காதீர்கள். ஆபரேட்டர் தன் கையால் ஒரு விசையைத் தட்டினால்தான் கீபோர்ட் நகர வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் விண்டோ ஒரு அங்குலம்கூட அசையக் கூடாது. அவ்வளவுதான் ஒரு பக்கம். அதற்காக என்னைப் பாராட்டி ஹம்பர் என்று ஒரு பரிசுக் கூடை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். பிஸ்கட் நன்றாகத்தான் இருந்தது.

சார் இப்போது உயிரோடு இல்லை. அவரிடம் சொல்லும் நாளைப் பதினான்கு வருடம் தள்ளிப்போட்டுக் கோட்டை விட்டேன். இனியும் ஒருத்தி பாக்கி இருக்கிறாள் என்று ஒன்பதாவது நாள், அதாவது நேற்று, தோன்றியது. செருப்பை மாட்டினேன். கிள்ளானுக்கு ரயில், அங்கிருந்து பந்திங்குக்குப் பஸ். பஸ்ஸில் மூன்று தடவை இடம் மாறி உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மா, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

புஷ்பா பந்திங்கில் ஒரு பல் கிளினிக் கவுண்டரில் இருக்கிறாள் என்று தெரியும். முடி நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவள், "மகேஸ் அக்கா! என்ன இவ்வளவு தூரம்? யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள்.

"இல்லடி. அந்த ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தேன். "வரிய மாத்தினது நான்தான்."

"தெரியும்."

பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"திங்கக்கிழமை வந்து உட்கார்ந்தேன். புதுசு வால்ல நின்னுச்சு. முந்துன நாள் தலையில நின்னத நான் கண்ணால பார்த்திருக்கேன், கடைசியிலயாச்சும். அந்த ஃபைல் யாரு மேசையில இருந்துச்சு? நான் என்ன முட்டாளா?"

"சார்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேனே. சார் புத்தகத்தத் தெறந்து காட்டினாரு. மகேஸ்கிட்டயும் கேட்டாச்சுன்னாரு."

ஒரு நோயாளி வந்தார். புஷ்பா அவர் பெயரை அடித்தாள். திரையை ஒரு தடவை பார்த்தாள். மறுபடி பார்த்தாள். விரலை வைத்து மூன்றாம் தடவையும் வாசித்துவிட்டுத்தான் என்டர் தட்டினாள். மேப்பைப் பார்த்துக்கொண்டே அடித்த புஷ்பாவா இது! எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

"பாத்தீங்களா? டாக்டர் கிண்டல் பண்றாரு, ஆமை ஆமைன்னு" என்றாள் அவர் போனபிறகு. "வேல போனதுகூடப் பரவால்ல அக்கா. அந்தப் பிள்ளையோட அப்பா நம்ம ஆபீஸ் கவுண்டர்ல வந்து நின்னாரு. 'மன்னிச்சிருங்க, என் கவனக்கொறைவு'ன்னு என் வாயால சொன்னேன். அவரு என்னையே பார்த்தாரு. தெரிஞ்சிருந்தும் கொஞ்ச நாள் நானே என்ன நம்பல. தூங்கி வழிஞ்சிருப்பனோன்னு."

"என்னை மன்னிச்சிரு புஷ்பா."

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பாக்கலாம் லா" என்றாள். குரல் உயரவில்லை. "எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

திரும்பும் பஸ்ஸில்தான் யோகேஸைக் கூப்பிட்டேன். நீலப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். "ஸ்டோர்ல பெட்டிக்குள்ள கெடக்கும் அக்கா. எதுக்கு?" என்றான். வாசிக்கும் பழக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். "அது எப்படி விடுறது? இப்பவும் பேர் சொல்லிக் 'கேட்டேன்' சொல்றோம்" என்றான். அதைக் கேட்டதும் நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது.

ஆகவே யோகேஸ், உன் ஒரு பக்கம் மேலேயே இருக்கிறது. அதை வெட்டி சிஸ்டம் செய்கிறவர்களுக்குக் கொடு. மீதி உங்களுக்கு. பிள்ளையின் அப்பா முகவரி பழைய ஃபைலில் இருந்தால் எனக்குக் கொடு, நானே கிள்ளானுக்குப் போய் அவர் வாசலில் நிற்கிறேன். நீலப் புத்தகத்தின் பழைய பக்கத்தில், அந்த வெள்ளிக்கிழமைக்கு நேராக, நான் நாளைக்கு வந்து என் கையால் எழுதுவது இது:

மாற்றம்: புது விண்டோ வாலிலிருந்து தலைக்கு, கீபோர்டும் அதனோடு. காரணம்: என் அவசரம். மாற்றியவர்: மகேஸ்வரி. யாருக்கெல்லாம் சொல்லப்பட்டது: யாருக்கும் சொல்லப்படவில்லை. ஞாயிறு மதியம் மேசையில் இருந்தவர் புஷ்பா. அவர் வழக்கப்படி சரியாக வேலை செய்தார்.

இதை மூன்று ஷிப்டிலும் சத்தமாக வாசிக்க வேண்டும். கடைசி இரண்டு வரியை யாரும் முணுமுணுக்கக் கூடாது. மூன்றாவது ஷிப்ட் ஞாயிறு மதியம் வருகிறது. அன்றைக்கு நானும் வந்து கதவருகே நிற்பேன், என் பெயரைச் சொல்லி 'கேட்டேன்' என்பேன். புஷ்பாவையும் போனில் கூப்பிட்டேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "சண்டே கிளினிக் லீவுதான்" என்றாள்.